பட்டாசு ஊரில் முயல் வளர்ப்பவர்களுக்கு

முயலுக்கு ஏற்றபடி வீட்டை மாற்றுவது எப்படி என்று யாரிடம் கேட்டாலும் பொதுவான சில யோசனைகள் கிடைக்கும். ஒயரை மறைத்து வை, பூனையை அண்டவிடாதே, புல் போடு, தண்ணீர் வை. கோயம்புத்தூரிலோ தஞ்சாவூரிலோ வளர்ப்பவர்களுக்கு அது ஏறக்குறையப் போதும். விருதுநகர் மாவட்டம் எம். புதுப்பட்டியில் வளர்ப்பவர்களுக்குப் போதாது.

நாட்டில் வெடிக்கும் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிவகாசி வட்டாரத்தில் தயாராகிறது. எம். புதுப்பட்டியும் அந்த வட்டாரம்தான். பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம் என்ற மூன்றில் ஒன்றுக்காவது வேலைக்குப் போகிறவர் இல்லாத தெருவை இங்கே பார்ப்பது அரிது. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று சந்தையில் வாங்கி வரும் சிவப்புக் கண் வெள்ளை முயல், இந்தத் தொழில்களின் மருந்து, காகிதம், சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் வந்து சேர்கிறது. அதோடு வறண்ட பூமியின் வெயிலும் இருக்கிறது.

எதைக் கண்டு அஞ்சவேண்டும் என்பதை முயலின் உடம்பைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதன் பல் சாகும்வரை வளர்கிறது. விழுங்கியதை அதனால் வாந்தி எடுக்க முடியாது. அதன் உடம்பு வியர்க்காது. நமக்குக் கேட்காத ஒலியும் அதன் காதுக்குக் கேட்கும். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றிவந்தால், செய்யவேண்டியது என்ன என்பது தானாகவே தெரிந்துவிடும்.

எந்த முயல்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கண்மாய்க் கரையிலும் கரிசல் காட்டிலும் ஓடும் நம்மூர்க் காட்டு முயல் வேறு, கூண்டில் வாங்கும் முயல் வேறு. காட்டு முயலின் விலங்கியல் பெயர் லெபஸ் நைக்ரிகோலிஸ். அது வளை தோண்டாது. புல் மறைவில் பதுங்கிக் கிடக்கும். அதன் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, உடலெல்லாம் முடியோடு இருக்கும். வீட்டு முயல் ஓரிக்டோலேகஸ் குனிகுலஸ் என்ற இனம். அதன் முன்னோர் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் பக்கத்தில், மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. அதன் குட்டி முடியில்லாமல், கண் மூடியபடி பிறக்கும்.

காட்டு முயலைப் பிடிப்பதும் வீட்டில் அடைப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வயலில் குட்டி கிடைத்தால் தாய் விட்டுப் போய்விட்டது என்று நினைத்து எடுத்து வந்துவிடக் கூடாது. தாய் முயல் குட்டியோடு நாள் முழுவதும் இருக்காது. பாலூட்ட மட்டும் வந்து போகும். கிடந்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் அதற்குச் செய்யும் உதவி.

வீட்டு முயலுக்குக் குளிர்ச்சியே ஏற்றது என்பதை நமது ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கும் இடமே காட்டும். மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூரில் இருக்கிறது. வெள்ளை ஜயன்ட், சோவியத் சின்சில்லா இன முயல்களை அங்கே வளர்த்துப் பெருக்குகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் அளவு உயரத்தில் சுகமாக வாழும் பிராணியை நாம் சிவகாசி வெயிலுக்கு இறக்கிக்கொண்டு வருகிறோம். அதற்குரிய பொறுப்பும் நம்முடையதே.

வளர்ந்துகொண்டே இருக்கும் பல்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் அட்டையும் முயலும் வரும். முயலுக்கு 28 பற்கள் என்று அதில் படித்திருப்போம். முன்புறம் தெரியும் வெட்டுப்பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளர்கின்றன. கடைவாய்ப் பற்களும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். நார் மிகுந்த புல்லை நாளெல்லாம் அரைத்தால் மட்டுமே அவை தேய்ந்து அளவாக நிற்கும். தேயாவிட்டால் பல் வளைந்து கன்னத்தையும் நாக்கையும் குத்தும். பிறகு முயல் பசியிருந்தும் தின்னாது.

ஆகவே கடிப்பது முயலுக்குக் குறும்பு அல்ல, அன்றாடத் தேவை. அது ஒயரைக் கடிக்கும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் மீசை ஒயரைத் தொடும். மேலுதட்டின் பிளவு இரண்டாக விரியும். தலையைச் சற்றே சாய்த்து ஒயரை வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோகும். அடுத்த நொடியில் ஒயர் கத்தரிக்கோல் வைத்து நறுக்கியதுபோல் இரண்டாகிக் கிடக்கும். எலி மாதிரிக் கரகரவென்று நேரம் எடுத்துக்கொள்ளாது. அதனால் சத்தம் கேட்டுப் போய்த் தடுத்துவிடலாம் என்று நம்பியிருக்க முடியாது. வளைக்குள் வாழ்ந்த பரம்பரை அது. வழியில் நீளமாக எது குறுக்கிட்டாலும் வேர் என்று எண்ணி அறுத்துவிடும்.

நம் வீட்டுச் சுவரில் ஓடுவது 230 வோல்ட். தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்குள் இருக்கும் எல்லா ஒயரையும் பி.வி.சி. பைப்புக்குள் விட்டு, சுவரோடு கிளாம்ப் அடித்துவிடுங்கள். பிரிட்ஜின் பின்புறம், இன்வெர்ட்டர் பெட்டி, டி.வி. ஸ்டாண்டின் அடிப்புறம் ஆகிய மூன்றையும் மறிக்க வேண்டும். போன் சார்ஜரை வேலை முடிந்ததும் கழற்றி மேலே வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் முயலுக்கும் நல்லது, தவழும் குழந்தைக்கும் நல்லது.

கடிக்கத் தகுந்த பொருளும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வேப்பங்குச்சி, காய்ந்த தென்னை மட்டையின் துண்டு, சாயம் போடாத கோரைப்பாய், இவை போதும். கோரைப்பாய்க்கு இன்னொரு பயனும் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோன்ற மெத்தை முயலின் பாதத்தில் இல்லை, அடியிலும் முடிதான். டைல்ஸ் தரையில் அதன் கால் வழுக்கி விரிந்துவிடும். கம்பி வலைத் தரையிலேயே நாளெல்லாம் நின்றால் குதிகால் புண்ணாகும். பாய் விரித்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

வாந்தி எடுக்காத வயிறு

நாயோ பூனையோ ஆகாததைத் தின்றுவிட்டால் கக்கிவிடும். முயலின் இரைப்பை வாயிலில் உள்ள தசை மிக இறுக்கமானது. உள்ளே போனது திரும்பி வராது. அதோடு முயல் ஓயாமல் தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும். முடியில் ஒட்டிய எதுவும் வயிற்றுக்குள் போயே தீரும். பட்டாசு ஊரில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

சாயங்காலம் ஆலை வேன் வந்து தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகிறது. இறங்கி வரும் அம்மாவின் புறங்கை முடியிலும் நகக்கண்ணிலும் வெள்ளிப் பொடி மின்னுகிறது. அது அலுமினியப் பவுடர். அதோடு பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் நிறம் தரும் உலோக உப்புகளும் சேலை மடிப்பில் இருக்கக்கூடும். பிள்ளை ஓடிவந்து முயலை அம்மா மடியில் வைக்கிறது. அம்மா தடவிக் கொடுக்கிறார். சற்று நேரத்தில் முயல் ஒரு மூலைக்குப் போய், காதை முன்னங்காலால் இழுத்து நக்கத் தொடங்குகிறது. மடியிலிருந்த மருந்து வயிற்றுக்குள் போய்விட்டது.

அளவு கொஞ்சம்தானே என்று தோன்றும். 60 கிலோ எடையுள்ளவருக்கும் 2 கிலோ எடையுள்ள முயலுக்கும் ஒரே அளவு நஞ்சு போனால், எடைக்கு எடை முயலுக்கு அது 30 மடங்கு. பச்சை ஒளிக்குச் சேர்க்கப்பட்டுவந்த பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தது. நீரில் கரையும் பேரியம் ரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவைச் சரித்துவிடும். தசைகள் செயலிழந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகும். பேரியம் கார்பனேட் ஒரு காலத்தில் எலி மருந்தாகவே விற்கப்பட்டது.

செய்யவேண்டியது எளிது. வேலைக்குப் போன துணியோடு முயலைத் தொடக் கூடாது. குளித்து உடை மாற்றிய பிறகே அதன் பக்கம் போக வேண்டும். வேலைத் துணியைத் தனி வாளியில் ஊறவைத்துத் தனியாகத் துவைக்க வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் இதே ஒழுங்கு வேண்டும். முயலுக்காகத் தொடங்கினால் குழந்தைக்கும் காப்பாகும்.

தீப்பெட்டி வேலை நடக்கும் வீடுகளில் குச்சி தரையில் சிந்தும். குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. அது ரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும். பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ். மரக்குச்சியும் அட்டையும் முயலுக்குப் பிடித்த பொருள்கள் என்பதால் இதில் ஆபத்து அதிகம். வேலை நடக்கும் அறைக்குள் முயல் நுழையாதபடி வாசலில் இரண்டரை அடிப் பலகை ஒன்றை நிறுத்தினால் போதும்.

அச்சகக் கழிவுத்தாள் சிவகாசியில் எளிதாகக் கிடைக்கும். காலண்டர் ஓரம் வெட்டிய கீற்றுகள் மெத்தென்று இருப்பதால் கூண்டில் பரப்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பளபளப்புப் பூச்சு, மை, வார்னிஷ் ஆகிய மூன்றும் அதில் உண்டு. பைண்டிங் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள்; அது செம்பு உப்பு, முயலுக்கு நஞ்சு. பட்டாசுக் குழாய், வெடித்த அட்டை, பட்டாசு வைத்திருந்த பெட்டி எதையும் கடிக்கக் கொடுக்கக் கூடாது. அச்சடிக்காத வெறும் தாளோ, காய்ந்த புல்லோ கூண்டுக்குப் போதும்.

உணவிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சீக்கம் என்ற பெரிய பை இருக்கிறது. அதில் வாழும் நுண்ணுயிரிகள்தான் புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அந்தச் சத்து மென்மையான உருண்டைகளாக வெளிவரும்; முயல் அதைக் குனிந்து நேராக வாயில் எடுத்துத் தின்றுவிடும். அது நோய் அல்ல. தடுக்கக் கூடாது. பிஸ்கட், சோறு, முறுக்கு, மிட்டாய் போன்றவை அந்த நுண்ணுயிரிகளின் சமநிலையைக் குலைத்துவிடும்.

தட்டில் பெரும்பங்கு காய்ந்த புல்லாக இருக்கட்டும். நம் வறட்டு நிலத்தில் விளையும் கொழுக்கட்டைப் புல், அருகம்புல், மானாவாரியாக வரும் முயல் மசால், வேலி மசால் ஆகியவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. மசால் வகைகளை அளவாகவும் புல்லைத் தாராளமாகவும் போடுங்கள். அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு, உண்ணிச்செடி இருக்கும் வேலியோரத்தில் மேய விடாதீர்கள். வெங்காயம், பூண்டு ஆகாது. கடையில் வாங்கும் கீரையைப் பலமுறை அலசிய பிறகே கொடுங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஊட்டும் மாத்திரையும் இதே கணக்கில் வரும். வாய்வழிக் கொடுக்கும் அமாக்சிசிலின் மனிதக் குழந்தைக்குச் சாதாரண மருந்து. முயலுக்கு அது சீக்கத்தின் நல்ல நுண்ணுயிரிகளை அழித்து, நஞ்சு சுரக்கும் கிருமிகளைப் பெருக்கிக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போகப் பூசும் பிப்ரோனில் முயலுக்கு ஆகாது. சொறி வந்தால்கூடக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் எதையும் தடவக் கூடாது.

வியர்க்காத உடம்பு

முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. அதற்கு வியர்வை இல்லை என்றே சொல்லிவிடலாம். நாயைப்போல நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தும் சூட்டைத் தணிக்கத் தெரியாது. அதற்குள்ள முதன்மையான வழி காது. வெயில் ஏறும்போது காதை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஓடும் ரத்தக்குழாய் தடித்து, அதிலிருந்து பிரியும் மெல்லிய கிளைகள் ஒவ்வொன்றும் தெரியும். உடம்பின் சூட்டை ரத்தம் காதுக்குக் கொண்டுவந்து காற்றில் விட்டுவிட்டுப் போகிறது. காற்று காதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் இது நடக்கும். சித்திரை வெயிலில் நம்மூரில் 38, 40 டிகிரி அடிக்கும்போது காற்றே உடம்பளவு சூடாகிவிடுகிறது. அப்போது முயலுக்கு வேறு வழியில்லை.

மின்விசிறி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசிறிக் காற்று நம்மைக் குளிர்விப்பது நம் வியர்வையை ஆவியாக்குவதால். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். வியர்வை இல்லாத முயலின் மேல் வீசும் சூடான காற்றுக்கு ஆவியாக்க எதுவும் இல்லை. அதனால் ஈரத்தை நாம்தான் தர வேண்டும். ஜன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, அதன் வழியே காற்று வரச்செய்யுங்கள். காற்றில் ஈரம் குறைவாக இருக்கும் சிவகாசி வட்டாரத்தில் இந்த முறை கடலோர ஊர்களைவிட நன்றாகவே பலிக்கும். பட்டாசுக்கும் அச்சுக்கும் உதவிய அதே வறட்சி இங்கே முயலுக்கும் உதவுகிறது.

தகரக் கொட்டகையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலும் மொட்டை மாடியிலும் கூண்டு வைக்கக் கூடாது. வீட்டின் வடபுற அறையின் தரையே நல்ல இடம். படுக்க ஒரு கருங்கல் பலகையோ, பக்கவாட்டில் சாய்த்து வைத்த பழைய மண்பானையோ கொடுக்கலாம். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அதுவே போய் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். தண்ணீர் அகலமான மண்சட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

வாய் திறந்து மூச்சு விடுவது, காது அனலாய்ச் சிவப்பது, எச்சில் ஒழுகுவது, எழ முடியாமல் பக்கவாட்டில் சரிவது ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. அது வாயைத் திறந்தாலே நிலைமை மோசம். சாதாரணத் தண்ணீரால் காதை நனைத்து, நிழலுக்குக் கொண்டுபோய், உடனே மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. காதின் ரத்தக்குழாய் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும்.

வெடிச்சத்தமும் காதும்

மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். முயலுக்கு ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸில் தொடங்கி 49,000 ஹெர்ட்ஸ் வரை. இரண்டு காதையும் தனித்தனியே திருப்பி, சத்தம் வரும் திசையைக் கண்டுகொள்ளும். நரியின் காலடி ஓசையைக் கேட்டுத் தப்பிக்க அமைந்த காது இது. வெடிச்சத்தத்தைத் தாங்க அமைந்ததல்ல.

வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 1999 முதல் உள்ள விதி. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113, 32 மீட்டரில் 107. நம் தெருக்களின் அகலத்தை நினைத்துப் பாருங்கள். எதிர்வீட்டு வாசலில் போடும் வெடி, விதிக்கு உட்பட்டதே என்றாலும், திண்ணையில் இருக்கும் கூண்டுக்கு 115 டெசிபலுக்கு மேல் வந்து சேரும்.

பயந்த முயல் முதலில் உறைந்து நிற்கும். பிறகு பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும். கூட்டத்துக்கு அது தரும் எச்சரிக்கை. அடுத்துக் கண்மண் தெரியாமல் பாயும். முயலின் எலும்புக்கூடு மொத்த எடையில் 7, 8 விழுக்காடுதான். பின்னங்கால் தசையோ மிக வலிமையானது. கம்பிக் கூண்டுக்குள் பாய்ந்தால், அல்லது பயத்தில் கிடப்பதைக் கையில் இறுக்கிப் பிடித்தால், தன் உதையாலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் குடலின் அசைவை மட்டுப்படுத்தும். மறுநாள் அது தின்னாமல், புழுக்கை போடாமல் சுருண்டிருந்தால் முந்தைய இரவின் பயமே காரணமாக இருக்கலாம்.

தமிழ்நாட்டில் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க அரசு 2018 முதல் ஒதுக்கிவரும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. முயல் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகும் பிராணி. அது இரை தேடி வெளியே வரும் வேளைகளே அவை. ஆகவே அன்று அதிகாலை 5 மணிக்குள்ளும் மாலை 6 மணிக்குள்ளும் அதற்குப் புல் போட்டு, உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சிவகாசியில் பங்குனிப் பொங்கலும் சித்திரைப் பொங்கலும் வெயில் காலத்தில் வருகின்றன. வேட்டும் வெயிலும் ஒன்றாக வரும் அந்த நாள்களில் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் உள்ள அறையைத் தேர்ந்தெடுத்து, ஜன்னலைச் சாத்துங்கள். அச்சடிக்காத பெரிய அட்டைப்பெட்டி ஒன்றில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டி, உள்ளே புல் நிரப்பி வையுங்கள். ஒரே வாசல் இருந்தால் மாட்டிக்கொண்டோம் என்று அது நினைக்கும். இரண்டு வாசல் வளையைப் போன்ற நம்பிக்கையைத் தரும். விசிறியோ ரேடியோவோ மெதுவாக ஓடட்டும். வீட்டில் ஒருவர் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தாலே போதும், தூக்க வேண்டாம். சாத்திய ஜன்னல் புகையையும் தடுக்கும். கந்தகப் புகை மூக்கால் மட்டும் மூச்சுவிடும் பிராணிக்கு மிகவும் கெடுதல். எல்லாம் அடங்கியதும் முயல் தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று பாருங்கள். 12 மணி நேரம் எதுவும் தின்னாவிட்டால் அது அவசரச் சிகிச்சைக்குரிய நிலை.

புல்லும் நெருப்பும்

பயர் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குப் பாதுகாப்பைப் பற்றி வெளியூர்க்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. அறைக்குள் போகும் முன் உடம்பின் நிலைமின்சாரத்தைப் போக்கச் செம்புத் தகட்டைத் தொடுவது, தரையில் ரப்பர் விரிப்புப் போடுவது, வெயில் ஏறும் முன் மருந்துக் கலவை வேலையை முடிப்பது, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இல்லாமல் பார்ப்பது, அறையைச் சுற்றிக் காய்ந்த புல்லை அகற்றுவது இவையெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தவை. இந்த விதிகள் மீறப்படும் இடத்தில் என்ன நடக்கும் என்பதும் இந்த மண்ணுக்குத் தெரியும். 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டிக்கு அருகே ரெங்கபாளையத்தில் நடந்த வெடிவிபத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

அந்த விதிகளில் கடைசியாகச் சொன்னதை முயல் வளர்ப்பவர்கள் வீட்டிலும் பின்பற்ற வேண்டும். முயலுக்குச் சேமிக்கும் காய்ந்த புல் ஒரு பொறி பட்டால் போதும், பற்றிவிடும். அதை மாடியிலோ திண்ணையிலோ குவித்துவைக்கக் கூடாது. மூடியுள்ள பெட்டியில் உள்ளே வையுங்கள். பண்டிகைக்கு வாங்கிய பட்டாசுப் பெட்டி முயல் இருக்கும் அறையில் இருக்கவே கூடாது. வீட்டில் வைத்துப் பட்டாசு தயாரிப்பது சட்டப்படி குற்றம். முயலுக்கு முன்பாக மனித உயிரையே அது பறித்துவிடும்.

ஊரும் துணைசெய்யலாம்

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கண்மாய்களுக்கு வரும் பறவைகள் பயந்து பறந்துவிடக் கூடாது என்று அவ்வூர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசே பிழைப்பான எம். புதுப்பட்டியில் அப்படிச் செய்யச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் குறித்த நேரத்துக்குள் முடிப்பதும், முயலோ மாடோ முதியவரோ இருக்கும் வீட்டின் வாசலைத் தவிர்த்து மைதானத்தில் வெடிப்பதும் யாருடைய பிழைப்பையும் கெடுக்காது. பக்கத்து வீட்டில் போய், "அக்கா, வீட்டில் முயல் இருக்கு, கொஞ்சம் தள்ளி வெடிங்க" என்று முந்தின நாளே சொல்லிவைத்தால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வாழும். ஒரு குழந்தை மூன்றாம் வகுப்பில் கேட்டு வாங்கிய முயல், அந்தக் குழந்தை கல்லூரிக்குப் போகும்போதும் வீட்டில் இருக்கும். கர்ப்பகாலம் சுமார் 31 நாள்தான் என்பதால் ஜோடியாக வாங்கி ஒன்றாக அடைத்தால் சில மாதங்களில் கூண்டு கொள்ளாது. வேண்டாம் என்று காட்டில் விட்டால் அது ஒரு வாரம்கூடப் பிழைப்பது கடினம். நாய், கீரி, பாம்பு எதிலிருந்தும் தப்பிக்க அதற்குத் தெரியாது.

ஆகவே வாங்கும் முன் வீட்டைத் தயார் செய்யுங்கள். ஒயர் மூடியாகிவிட்டதா, மருந்துத் துணிக்குத் தனி வாளி இருக்கிறதா, வெயிலுக்குக் குளிர்ந்த மூலை உண்டா, வேட்டு நாளுக்கு உள்ளறை உண்டா என்ற நான்கு கேள்விக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் வாங்குங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அதைச் சரிசெய்யும்வரை பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்லுங்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் எங்கே இருக்கிறது என்று இன்றே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கால்நடைகளுக்கான அவசர அழைப்பு எண் 1962 என்பதையும் கூண்டின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.